சொட்டும் இடம் வேறு

ராமாபுரம் என்ற பெயர் தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு அறிமுகமானது 1992 மே மாதத்தில். கர்நாடக எல்லையோரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் காவல் நிலையத்தை வீரப்பன் கும்பல் தாக்கி 5 காவலர்களைக் கொன்றது. 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்ததும் ராமாபுரமும் செய்திகளிலிருந்து மறைந்துவிட்டது. ஊர் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அன்று அது மைசூர் மாவட்டம். 1997இல் சாம்ராஜ்நகர் தனி மாவட்டமானபோது அதனோடு சேர்ந்துகொண்டது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1956 வரை கொள்ளேகால் தாலுகா முழுவதுமே கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. எனவே இங்கே கடைத்தெருவில் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் புழங்குவதில் வியப்பில்லை.

இந்த வட்டாரத்துக்கு இப்போதைய பிழைப்பு சாலைதான். ஒரு பாதை மாதேஸ்வரன் மலைக்கு ஏறுகிறது. மற்றொன்று கர்கேகண்டி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பர்கூர் மலையில் வளைந்து வளைந்து இறங்கி அந்தியூரைத் தொடுகிறது. கர்நாடகத்து மஞ்சள் ஈரோடு சந்தைக்கு வருவது இம்மாதிரி மலைப்பாதைகளில்தான். லாரி பிடிக்கும் அளவுக்குச் சரக்கு இல்லாதவர்களுக்கு பிக்-அப் வண்டி. கடனில் வாங்கி, தவணை கட்டி, தானே ஓட்டும் சொந்தக்காரர்கள் இந்த வழியில் ஏராளம்.

டீக்கடை வாசலில் இந்த வண்டிகள் நின்றுவிட்டுப் போன இடத்தைக் கவனியுங்கள். பின் சக்கரங்களுக்கு நடுவே தரையில் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். டிரைவரைக் கேட்டால் "கிரவுன்ல லேசா லீக்" என்பார். அந்த 'லேசா' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லி லிட்டருக்குச் சுமாராக 20 சொட்டு. நாளில் 8 மணி நேரம் ஓடினால் 480 சொட்டு, அதாவது 24 மில்லி. மாதத்தில் 25 நாள் ஓடும் வண்டிக்கு 600 மில்லி. சிறிய பிக்-அப்பின் பின் அச்சில் இருக்கும் எண்ணெய் மொத்தமே ஒன்றிரண்டு லிட்டர்தான். என்ஜின் ஆயிலைப் பார்க்க ஒரு குச்சி இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் விளக்கு எரிகிறது. பின் அச்சுக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. வண்டிக்கு அடியில் படுத்து ஒரு போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். யாரும் பார்ப்பதில்லை. எண்ணெய் குறைந்த சங்கதியை வண்டியே ஊளையிட்டுச் சொல்லும்போது, பற்கள் பாதி தேய்ந்திருக்கும்.

அந்த இரும்புப் பானைக்குள் அப்படி என்ன இருக்கிறது? மாட்டு வண்டியிலிருந்து தொடங்கினால் விளங்கும். மாட்டு வண்டியின் இரு சக்கரங்களும் அச்சில் தனித்தனியாகச் சுழல்பவை. இழுப்பது மாடு, சக்கரத்துக்கு உருள்வது ஒன்றே வேலை. திருப்பத்தில் ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் போகும், யாருக்கும் சிரமமில்லை. கடையாணி கழலாமலும் வண்டி மை காயாமலும் பார்த்துக்கொண்டால் போதும். என்ஜின் வந்து சக்கரத்தையே சுழற்றத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகிச் சுழன்றால் வண்டி திரும்ப மறுக்கும். டயர் தரையில் தேய்ந்து இழுபடும்.

இடைவெளி 1.4 மீட்டர் உள்ள இரு சக்கரங்கள் ஒரு கொண்டை ஊசி வளைவில் முழுக்கத் திரும்பினால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட 4.4 மீட்டர் அதிகமாக ஓடியாக வேண்டும். வளைவு பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. ஒரே என்ஜினின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் கொடுத்து, அதே சமயம் இந்த வேக வேறுபாட்டுக்கும் வழிவிடும் பற்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். பிரான்ஸ் நாட்டின் ஒனெசிஃபோர் பெக்கர் 1827இல் நீராவி வண்டிக்காக இதை வடிவமைத்தார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877இல் மூன்று சக்கர சைக்கிளுக்கு இதைப் பொருத்தினார். மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே அதன் பின் அச்சு பிறந்துவிட்டது என்று சொல்லலாம்.

தமிழில் இதற்குப் பாடநூல்காரர்கள் 'வேறுபாட்டுப் பல்லிணை' என்பது போன்ற பெயர்களைச் சூட்டிப் பார்த்திருக்கிறார்கள். பட்டறையில் இவை எடுபடவில்லை. அங்கே உள்ளிருக்கும் பெரிய பற்சக்கரத்தின் பெயரால் மொத்தத்துக்கும் 'கிரவுன்' என்றே பெயர். அதைச் சுற்றும் சின்னது பினியன். இரண்டும் இருக்கும் கூடு ஹவுசிங். பல வண்டிகளில் பினியன் கிரவுனின் நடுமையத்துக்குச் சற்றுக் கீழே தள்ளி அமைந்திருக்கிறது. அதனால் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதோடு வழுக்கியும் செல்கின்றன. அந்த உராய்வைத் தாங்க கந்தகமும் பாஸ்பரமும் கலந்த தனி எண்ணெய் தேவை. ஜி.எல்.-5 என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது இதைத்தான் குறிக்கிறது. 'எல்லாம் எண்ணெய்தானே' என்று கியர் பாக்ஸ் எண்ணெயையோ பழைய என்ஜின் ஆயிலையோ ஊற்றுவது, கண் சொட்டு மருந்துக்குப் பதில் காது சொட்டு மருந்து விடுவது போன்றது.

இனி, ஒழுக்கு. பின் அச்சிலிருந்து எண்ணெய் வெளியேற முக்கியமான வழிகள் நான்கு. முன்புறம் புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் பினியன் சீல். ஹவுசிங்கின் மூடி அல்லது முகப்பு பொருந்தும் இடத்தில் கேஸ்கெட். எண்ணெய் ஊற்றவும் வடிக்கவும் உள்ள போல்ட்டுகள். அச்சின் இரு முனைகளிலும் சக்கரத்தை ஒட்டிய சீல்கள்.

எது ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபம் போலத் தோன்றும், அப்படியல்ல. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளி ஹவுசிங் முழுக்கப் பூசிவிடுகிறது. அதன் மேல் சாலைத் தூசி படிந்து அங்குலக் கனத்துக்கு அப்பியிருக்கும். கீழே சொட்டுகிற இடம் கடைசி இடம். புறப்பட்ட இடம் வேறு. முறை தெரிந்த மெக்கானிக் முதலில் செய்வது கழுவுவது. டீசல் விட்டுத் தேய்த்து, துடைத்து, உலரவிட்டு, கொஞ்சம் முகப் பவுடரைத் தூவி, வண்டியை 10 கிலோமீட்டர் ஓட்டி வரச் சொல்வார். பிறகு ஈரமாகியிருக்கும் இடங்களில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அதுதான் ஊற்று.

இந்த அரை மணி நேரப் பொறுமை இல்லாததால்தான் பாதி ரிப்பேர்கள் வீணாகின்றன. ஒழுகும் இடம் போலத் தெரிவதன் மேல் வெளியிலிருந்தே பேஸ்ட்டைப் பூசுவது, எம்-சீல் அப்புவது போன்ற வைத்தியங்கள் அடுத்த மலை ஏற்றத்தில் உதிர்ந்துவிடும்.

ராமாபுரத்துப் பட்டறை ஒன்றில் கேட்ட பேச்சு இது. அந்தியூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் அலுத்துக்கொண்டார்: "ஏனுங்ணா, இது மூணாவது சீலுங். கம்பெனிச் சீலாத்தான் பாத்து வாங்கிப் போட்டனுங். மறுக்காவும் ஒழுகுதுங்களே?"

வண்டிக்கு அடியில் இருந்து பதில் வந்தது: "சீல் மேல தப்பு இல்ல தம்பி. மூக்குல மண்ணை அடைச்சு வெச்சுட்டு வாயை ஏன் திறக்கறேன்னு கேட்டா, அது என்ன பண்ணும்?"

அவர் மூக்கு என்று சொன்னது பிரீதரை. ஹவுசிங்கின் மேற்புறத்தில் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு மூடி. பெரும்பாலான டிரைவர்கள் அதைப் பார்த்ததே இல்லை. வண்டி ஓட ஓட எண்ணெயும் உள்ளே இருக்கும் காற்றும் சூடேறுகின்றன. 25 டிகிரியில் இருந்த காற்று மூடிய கூட்டுக்குள் 95 டிகிரிக்கு ஏறினால் அதன் அழுத்தம் கிட்டத்தட்டக் கால் பங்கு கூடிவிடும். அந்தக் கூடுதல் காற்று போவதற்குத்தான் பிரீதர். காட்டுப் பாதையின் சேறும் தூசியும் அதை அடைத்துவிட்டால் காற்று வேறு வழி தேடும். சீலின் உதடு எண்ணெயை வழித்துத் தடுக்கும் அளவுக்குச் செய்யப்பட்ட மெல்லிய ரப்பர். அழுத்தத்தோடு மல்லுக்கட்ட அதனால் முடியாது. உதட்டை விலக்கிக்கொண்டு காற்று வெளியே வரும்போது எண்ணெயையும் அழைத்து வருகிறது. புதுச் சீல் போட்டால் புதுச் சீல் வழியாக வரும். மூன்று சீல் மாற்றினாலும் இதே கதைதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சூடான அச்சோடு ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். போல்ட்டைக் கழற்றும்போது எண்ணெய் பால் காபி நிறத்தில் வந்தால் இது நடந்திருக்கிறது என்று பொருள். அந்த எண்ணெய் பற்களைக் காப்பாற்றாது. முழுக்க வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும்.

பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒழுக்கு என்று வரும் எந்த வண்டிக்கும் முதல் வேலை இதுவாக இருக்க வேண்டும். இரண்டாவது வேலை அளவு பார்ப்பது. வண்டி சமதரையில் நிற்கும்போது எண்ணெய் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை இருந்தால் போதும். 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று பின்புறத்தை ஜாக்கியில் சாய்த்து அதிகம் ஊற்றினாலும் ஒழுகும்.

இரண்டும் சரியாக இருந்தும் ஒழுகினால்தான் சீலுக்குப் போக வேண்டும். அங்கேயும் சீல் ஏன் கெட்டது என்ற கேள்வி உண்டு. புரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு பினியனைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆடுகிற தண்டின் மேல் எந்தச் சீலும் நிற்காது. சீலின் உதடு உட்காரும் பிளாஞ்சில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படலாம். வருடக்கணக்கில் தேய்ந்த வரி அது. புதுச் சீலின் உதடும் அதே பள்ளத்தில் விழுந்தால் பயனில்லை. பிளாஞ்சை மாற்ற வேண்டும், அல்லது அதன் மேல் மெல்லிய உலோக உறை ஏற்ற வேண்டும்.

பினியன் நட் விஷயத்தில் பலர் பலத்தைக் காட்டுகிறார்கள். பல வண்டிகளில் இந்த நட் வெறுமனே பிளாஞ்சைப் பிடித்து வைப்பதில்லை. உள்ளே நசுங்கும் குழல் ஒன்றின் மூலம் பேரிங்கின் இறுக்கத்தையும் அதுவே தீர்மானிக்கிறது. நீளக் குழாயைச் சொருகி இரண்டு பேர் தொங்கி முறுக்கினால் குழல் அளவுக்கு மேல் நசுங்கி, பேரிங் சூடேறிச் சாகும். கழற்றும் முன் நட்டின் நிலையைக் குறித்துவைத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, கையேடு சொல்லும் முறைப்படி பூட்டுவதே பாதுகாப்பு.

எண்ணெயை வடிப்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்ற வேண்டும், பிறகுதான் வடிக்கும் போல்ட். மேல் போல்ட் துருப்பிடித்து வர மறுத்தால், எண்ணெயை வடித்துவிட்ட வண்டி பட்டறையிலேயே நிற்க வேண்டியதுதான். வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதன் மேல் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருக்கும். அது வழக்கமான தேய்மானம். சில்லுகள் ஒட்டியிருந்தால் சீலை மறந்துவிட்டு ஹவுசிங்கைத் திறந்து பார்க்க வேண்டும். இத்தனையையும் செய்வதற்கு முன், வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்திவிட்டு அடியில் நுழையக் கூடாது. ஸ்டாண்டு வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வேண்டும்.

மேலே சொன்ன மூன்று வழிகளில் எண்ணெய் போனால் நஷ்டம் பணத்தோடு முடியும். நான்காவது வழி அப்படியல்ல. அச்சு முனையில் உள்ள சீல் கெட்டால் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போகிறது. பின் சக்கரத்தின் உட்புறத்தில், டயர் ஓரமாக ஈரக் கோடு தெரியும். அது பிரேக் ஆயிலா கிரவுன் எண்ணெயா என்று தொட்டு முகர்ந்தால் தெரிந்துவிடும். பிரேக் ஆயில் நீர்போல் ஓடும். கிரவுன் எண்ணெய் கெட்டியானது, கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். எதுவானாலும் அந்த வண்டி அன்று மலை இறங்கக் கூடாது.

எண்ணெய் ஊறிய லைனிங் டிரம்மைப் பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் ஊறியிருந்தால் இரு சக்கரமும் இரு விதமாகப் பிடித்து வண்டி ஒதுங்கும். சுமை ஏற்றிய பிக்-அப்பின் பாரத்தில் பெரும்பகுதி பின் அச்சில்தான் இருக்கிறது. சமவெளியில் இந்தக் குறை தெரியாது. முன் பிரேக் சமாளித்துவிடும். பர்கூர் இறக்கத்தில் பத்தாவது திருப்பத்தில் முன் பிரேக்கும் சூடேறித் தளர்ந்த பிறகு, பின்னால் எதுவும் இல்லை என்பது டிரைவருக்கு முதல் தடவையாகத் தெரியவரும். லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மறுபடி பூட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. லைனிங்குக்குள் ஊறிய எண்ணெய் முழுதாக வெளியேறாது. சூடேறும்போது மறுபடி கசிந்து மேலே வரும். சீலோடு சேர்த்து லைனிங்கையும், இரு பக்கமும் ஒன்றாக, மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

சத்தியமங்கலம் - மைசூர் சாலையின் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். வன விலங்குகள் அடிபடுவதைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. காட்டுக்கு நல்ல காரியம். ஆனால் இருட்டுவதற்குள் மலையைத் தாண்ட வேண்டும் என்ற அவசரத்தில், பட்டறையில் அரை நாள் நிற்பது யாருக்கும் கட்டுபடியாகாத ஆடம்பரமாகத் தோன்றுகிறது.

டிரைவர்களின் அலட்சியம் என்று முடித்துவிடுவது எளிது. அப்படி முடிப்பதும் சொட்டும் இடத்தில் எம்-சீல் அப்புவதைப் போன்றதுதான். சீல் விலை சில நூறு ரூபாய். அது இல்லாமல் டிரைவர் தவிக்கவில்லை. வண்டி நின்றால் அன்றைய வாடகை போகும். வாடகை போனால் தவணை தவறும். தவணையைச் சமாளிக்க அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றுகிறார், அல்லது வியாபாரி ஏற்றச் சொல்லி மறுக்க முடியாமல் போகிறது. அளவு மீறிய பாரத்தில் அச்சுக் கூடு வளைந்துகொடுக்கிறது. ஷாஃப்ட் மையம் தப்பிச் சுழன்று சீலையும் பேரிங்கையும் தின்கிறது. மறுபடி ஒழுக்கு. ஒழுக்கின் ஊற்று பல சமயம் வண்டியிலேயே இல்லை. சரக்குச் சீட்டில் இருக்கிறது.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, எடை மீறிய வண்டியை ஓட்டுபவரை மட்டுமின்றி ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் தடுக்கிறது. 194ஆம் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், மேற்கொண்டு ஒவ்வொரு அதிக டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆனால் செக் போஸ்ட்டில் நிற்பது டிரைவர். ஓட்டச் செய்தவர் சந்தையில் மஞ்சள் விலையைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் கண்ணில் இதுதான் முதலில் படுகிறது. நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்த எண்ணெய், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பதெல்லாம் அச்சில் இருக்கின்றன, ஆங்கிலத்தில். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் பெரும்பாலும் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவர் வித்தையைத் தன் குருவிடமிருந்து காதால் கற்றார். குரு பிரீதரை மூக்கு என்று சொல்லித் தந்திருந்தால் அது அவருக்குத் தெரியும். சொல்லாமல் விட்டிருந்தால் தெரியாது. நாம் கலைச்சொல் அகராதிகளில் டிஃபரன்ஷியலுக்குப் பெயர் தேடிய நேரத்தில், பட்டறைச் சுவரில் ஒட்டக்கூடிய ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை யாராவது எழுதியிருக்கலாம். அதில் நான்கு வரி போதும்: முதலில் கழுவு, பிரீதரைப் பார், அளவைப் பார், சக்கரத்துக்குள் எண்ணெய் வந்திருந்தால் வண்டியை அனுப்பாதே.

நான்காவது வரிக்கு மட்டும் கொட்டை எழுத்து வேண்டும். அதைப் படிக்க வேண்டியவர்களில் சரக்கின் சொந்தக்காரரும் ஒருவர்.